பத்தொன்பது நாள் மெயின்லேண்ட்

எங்கள் தீவில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் டீச்சருக்கு முதலில் ஞாபகம் வருவது காய்ச்சல் இல்லை, மெயின்லேண்ட், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்த ஊர். கப்பல் எப்போது புறப்படும் என்று அந்தக் கப்பலுக்கே கடைசி வரை தெரியாது. டிக்கெட் கிடைத்த அன்று பெட்டியைக் கட்டிவிடுவார்கள். காதுகுத்து, கல்யாணம், குலதெய்வம், பல் டாக்டர், ஏதோ ஒன்று. பரீட்சை, பாடம், லீவ் லெட்டர் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான். போன பிள்ளை பத்து நாளிலும் வரும், நாற்பது நாளிலும் வரும். நான் ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டு அதன் ஓரத்தில் பென்சிலால் 'மெ' என்று சின்னதாக எழுதுவேன். எந்த விதியிலும் இல்லாத எழுத்து அது. எனக்கு முன்னால் இருந்த டீச்சரும் அப்படித்தான் எழுதினார்.

இரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம், முப்பத்தொரு பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்னிடம் இருப்பவர்கள். பள்ளி லம்பா லைன் என்கிற பகுதியில், விமானம் தலையைத் தொட்டுக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் நான் கையைத் தூக்குவேன். எல்லாரும் அப்படியே வாயை மூடிக்கொள்வார்கள். சத்தம் போனதும் கையை இறக்குவேன். விட்ட எண்ணிலிருந்து பிடிப்பார்கள். ஆறு ஏழில் நிறுத்தினால் ஆறு எட்டில் ஆரம்பிப்பார்கள், ஒரு பிள்ளைகூடத் தவறாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏரோபிளேன் என்றேன்.

வகுப்பின் பின்சுவரில் ஒரு சார்ட் இருந்தது. இடது ஓரம் மெயின்லேண்ட், வலது ஓரம் நாங்கள், நடுவில் முழுக்க நீலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் காலண்டர் தாளில் ஒரு கப்பல் வெட்டிப் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். ஊருக்குப் போனால் அந்தக் கப்பலைப் பிய்த்து இடது பக்கம் ஒட்டுவேன். திரும்பி வந்த பிள்ளை தன் கப்பலைத் தானே எடுத்துக்கொண்டு வகுப்பின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அங்கே என்ன பார்த்தாய் என்று பத்து வாக்கியம், தமிழில், இந்தி கலக்காமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, கைதட்டு வாங்கி, கப்பலை வலது பக்கம் ஒட்டிவிட்டுப் போய் உட்காரலாம். இதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'முறை'.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, இரண்டும் கலந்த ஒன்று வாயில் என்று வளர்கிற பிள்ளைகளை நாலு வாக்கியம் நேராகப் பேச வைக்க நான் கண்டுபிடித்த வழி. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வேலை செய்தது. ரயிலுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். கோயிலில் குரங்கு வந்து வாழைப்பழத்தைப் பிடுங்கியது, கையைக் கடிக்கவில்லை என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அங்க எல்லாருமே தமிழ்ல பேசுறாங்க மிஸ், போலீஸ் கூட," என்று சொன்னதை வகுப்பு நம்பவே இல்லை.

முறை வராத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். பத்துபஸ்தியிலிருந்து வருகிறவள். அப்பா பெயின்ட் அடிக்கிறவர், அம்மா வீட்டில். அவர்களுக்கு மெயின்லேண்டில் போய் இறங்க ஒரு வீடு இல்லை. அதனால் போவதும் இல்லை. மற்ற கப்பல்களெல்லாம் பிய்த்துப் பிய்த்து ஒட்டி மூலை கிழிந்து கிடக்க, அவளுடையது மட்டும் முதல் நாள் ஒட்டின மாதிரியே புதுசாக இருந்தது. மாதம் ஒரு தடவையாவது என் மேஜைக்கு வந்து கேட்பாள்.

"மிஸ், என் முறை எப்போ?"

"போயிட்டு வா, அப்புறம் சொல்லு."

"எங்க அப்பா டிக்கெட்டே எடுக்கல மிஸ்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

எனக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி, பிள்ளைகளிடமும் அதை மறைத்ததில்லை. அவளும் அதற்காக முகம் வாடுகிறவள் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் வந்து அதே கேள்வியைக் கேட்பாள்.

அந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஷாதிபூரில் எங்கள் வீட்டு வாசலில், ஆபீசுக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். பதினாறு முடிந்து பதினேழாம் நாள் நான் வகுப்புக்கு வந்து சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டேன். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, மண்ணும் இல்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தேன். வீட்டில் இருந்தாலும் அப்படித்தான், பள்ளியில் இருந்தாலும் அப்படித்தான். பள்ளியில் மணி அடிப்பதால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

பிரேயர், அட்டெண்டன்ஸ், பலகையில் தேதி. பிறகு வானிலை அட்டை. ஒரு பிள்ளை வந்து முள்ளை வெயிலுக்கோ மழைக்கோ திருப்பும். அந்த மாதங்களில் முள் மழையிலேயே நின்றதால் அதற்கும் வேலை இல்லை. டிக்டேஷன். சோடா மூடிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவது. கதை. மதியச் சாப்பாடு. பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன் ஒரு டீச்சர் ருசி பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் நான் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, 'நன்று' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பருப்பில் உப்பே போடவில்லையாம். சமையல் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் மறுபடியும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

போனை எடுப்பதை நிறுத்தியிருந்தேன். பெற்றோர் குரூப்பில் என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. துக்கம் கேட்டு வந்த கடிதங்கள், பென்ஷன் தாள்கள், சர்க்குலர்கள் எல்லாம் மேஜை டிராயருக்குள் போயின. எதையும் பிரிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு கப்பல் புறப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஏழு இடம் காலி. முன்பென்றால் கேட்டிருப்பேன். யார் யார் போனாங்க, ஹார்பர்ல யாரைப் பார்த்தீங்க என்று கேட்டால் பிள்ளைகளே பட்டியல் ஒப்பித்துவிடும். அன்று கேட்கவில்லை. ஏழு ஆப்சென்ட், ஏழு 'மெ'. ஏழு கப்பல்களைப் பிய்த்து இடது பக்கம் ஒட்டினேன். ஏழாவது கப்பல் சுவரை விட்டு வர மறுத்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். அது முறையே வராத அந்தப் பெண்ணுடையது. சுரண்டும்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

புதன்கிழமை பியூன் அண்ணன் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"மிஸ், கேட்ல ஒரு ஆளு குடுத்துட்டுப் போனாரு. அர்ஜென்ட்டுன்னு சொன்னாரு."

"வைங்க அண்ணே," என்றேன். அவர் வைத்தார். நான் எடுத்து டிராயரில் போட்டேன்.

அது அவளுடைய அப்பா எழுதியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துப் பின்னால் அதிசயம் காட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. அவள் மெயின்லேண்டுக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. டெங்கு. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இடம் இல்லாமல் பெண்கள் வார்டில் ஒரு கட்டிலில் கிடந்தாள். என் வகுப்பிலிருந்து கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனால் ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம். சுவரில் அவள் கப்பல் கடலைத் தாண்டி நின்றது.

பத்தொன்பது நாள் அந்தப் பென்சில் எழுத்தை நான் தினமும் போட்டேன். நடுவில் கப்பல் திரும்பி வந்து மற்ற ஆறு பேரில் நாலு பேர் வந்து முறை சொல்லி முடித்தார்கள். அவள் வரவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது எதுவும் தோன்றுவதில்லை.

இருபதாம் நாள் அவள் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யூனிஃபார்ம் தோளில் நிற்கவில்லை. வாசலில் நின்று பின்சுவரைப் பார்த்தாள். தன் கப்பல் இடது பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள். இதெல்லாம் நான் பிறகு யோசித்து எடுத்தது. அப்போது நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னது இவ்வளவுதான்:

"வந்துட்டியா? கப்பலை எடுத்துட்டு வா. உன் முறை."

அவள் அசையாமல் நின்றாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? எத்தனை நாள் கேட்ட. வா."

ஏழு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? நாற்காலி போட்டு ஏறிக் கப்பலை எடுத்தாள். முன்னால் வந்து நின்றாள். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நான் மெயின்லேண்ட் போனேன். ரயில்ல போனேன். ரயிலுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு. அங்க எல்லாரும் தமிழ்ல பேசுறாங்க. போலீஸ் கூட."

வகுப்பு தலையாட்டியது. இது எல்லாரும் சொன்னதுதான். நான் அன்றைய பாடக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்... அங்க ஒரு பெரிய ரூம் இருக்கு. வரிசையா கட்டில். எல்லாரும் பகல்லயும் படுத்துட்டே இருப்பாங்க. லைட்டை அணைக்கவே மாட்டாங்க. காலைல பாலும் பிரெட்டும் தருவாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. அவங்க எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாங்க. ஒரு நாள் நான் எந்திரிச்சா அவங்க இல்ல. மெத்தையை வெளியில போட்டிருந்தாங்க."

"அவங்க எங்க போனாங்க?" என்று முன் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்களும் கப்பல்ல ஏறி அவங்க ஊருக்குப் போயிட்டாங்க," என்றாள்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். என் காதில் எல்லாம் விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் இன்றைக்கும் சொல்ல முடிகிறது. ஆனால் அன்று அது எந்த இடத்திலும் போய்த் தட்டவில்லை.

"நல்லது. எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஜன்னலோரம் உட்காருகிறவள், வாயாடி, அவள் அம்மா அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவர். அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், அவ ஜூட் சொல்றா, பொய். அது மெயின்லேண்ட் இல்ல, ஆஸ்பத்திரி. எங்க அம்மா பார்த்தாங்களாம். சச்சி, நிஜமா."

வகுப்பு அப்படியே திரும்பி என்னைப் பார்த்தது. முன்னால் நின்றவளும் என்னைப் பார்த்தாள். கப்பலைப் பிடித்திருந்த விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த முறை, அது இப்போது என் வாயில் வரப்போகிற வார்த்தையில் இருந்தது. அதுகூட எனக்குப் புரியவில்லை. எனக்கு வந்தது வெறும் எரிச்சல். ஒரு வேலை முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று ஆரம்பிக்கிறதே என்கிற எரிச்சல். ரெஜிஸ்டரைத் திறந்து தூக்கிக் காட்டினேன்.

"இது என்ன? பத்தொன்பது நாளும் 'மெ' போட்டிருக்கேன். ரெஜிஸ்டர் பொய் சொல்லுமா?"

"இல்ல மிஸ், எங்க அம்மா..."

"அவகிட்ட சாரி கேளு."

"மிஸ்..."

"கேளு."

அவள் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு சாரி என்றாள். இவள் கப்பலை வலது பக்கம் ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அது சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் தொங்கியது. மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. ஊரில் நன்றாகத் தின்றுவிட்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த எலும்பையும் தோலையும் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

அன்று பள்ளி விட்ட பிறகு சிவப்புப் பேனா தேடி டிராயரை இழுத்தேன். அடைத்துக்கொண்டு வரவில்லை. பலமாக இழுத்ததில் எல்லாம் தரையில் கொட்டியது. குனிந்து பொறுக்கியபோதுதான் அந்த மடித்த தாளைப் பிரித்தேன். பிரிக்க வேண்டும் என்று பிரிக்கவில்லை, நோட்டிலிருந்து கிழித்த தாள் என்பதால் ஏதோ பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று நினைத்தேன்.

'மிஸ் அவர்களுக்கு. பாப்பாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து இருக்கோம். போன் அடிச்சேன், நீங்க எடுக்கலை. உங்க வீட்டு துக்கம் தெரியும், மன்னிக்கவும். பாப்பா மிஸ் வருவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. முடிஞ்சா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க.'

கீழே வார்டும் கட்டில் நம்பரும் இருந்தன.

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். போனை எடுத்துப் பார்த்தேன், பெயர் இல்லாத ஒரு நம்பரிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தார்கள். நெஞ்சு அடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை. தாளை மடித்து, சிதறியதையெல்லாம் திரும்ப டிராயரில் வைத்து மூடினேன். எல்லாம் செய்து முடித்த பிறகு பயம் வந்தது. ஒரு பிள்ளை செத்துப் பிழைத்து வந்திருக்கிறது, இதற்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் என்ன ஜென்மம் என்று பயம். பயமாவது வந்ததே என்று இன்னொரு பக்கம் ஓர் ஆறுதல். வெட்கக்கேடு.

ராத்திரி தூக்கம் என்று ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை, அன்றும் இல்லை. யோசித்தது ஒன்றைத்தான். காலையில் உண்மையைச் சொன்னால் அவள் முப்பது பேர் முன்னால் பொய்க்காரி. சொல்லாவிட்டால் ஜன்னலோரத்துக்காரி பொய்க்காரி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தி தன் அம்மா கண்டதைச் சொன்னாள், இன்னொருத்தி நான் சொல்லச் சொன்னதைச் சொன்னாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

அட்டெண்டன்ஸ் எடுத்தேன். அவள் கட்டத்துக்கு வந்ததும் கை தானாகப் பென்சிலைத் தேடியது. பழக்க தோஷம். ரெஜிஸ்டரை மூடிவிட்டு, "அவ ஏன் வரல, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் நான் வகுப்பைக் கேட்ட முதல் கேள்வி, பாடத்தில் இல்லாத கேள்வி. யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது மிஸ்," என்றாள் அந்த வாயாடி. "தெரிஞ்சாலும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அதுவும் சரிதான். அவளை முன்னால் கூப்பிட்டேன். அடிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நேத்து நீ சொன்னது சரி. அவ ஆஸ்பத்திரிலதான் இருந்தா. அவங்க அப்பா லெட்டர் குடுத்தாரு, நான் படிக்கல. கப்பலை ஒட்டினது நான், அவ இல்ல. பேசச் சொன்னதும் நான். தப்பு பண்ணது மிஸ்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ என் சாரியைத் திருப்பிக் குடுங்க மிஸ்," என்றாள்.

கொடுத்தேன். அவள் பெயரைச் சொல்லி, எல்லாரும் கேட்க, சாரி என்றேன். நேரம் பார்த்து ஒரு விமானம் வேறு வந்தது. நான் கையைத் தூக்கவே இல்லை, இருந்தும் அது போகிற வரை யாரும் பேசவில்லை. போன பிறகு முன் வரிசைக்காரன் மெதுவாகக் கேட்டான்.

"மிஸ், அப்போ அவ முறை கேன்சலா?"

"இல்ல. சொன்னது சொன்னதுதான்."

"ஆனா ரயில்ல போகலையே மிஸ்."

"போகல. ஆனா அந்த ரூம், கட்டில், ஆன்ட்டி எல்லாம் அவ பார்த்ததுதானே. உங்கள்ல யாராவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. இன்னொருத்தி மெல்ல, "அந்த ஆன்ட்டி நிஜமா ஊருக்குத்தான் போனாங்களா மிஸ்?" என்று கேட்டாள். வாய்ப்பாட்டு நோட்டை எடுங்கள் என்றேன்.

பள்ளி விட்டதும் பத்துபஸ்திக்கு நடந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஒரு பிரெட்டும் இரண்டு ஆப்பிளும் வாங்கினேன். கப்பலில் வந்த ஆப்பிள், தோல் சுருங்கியிருந்தது. கடைக்காரரிடம் வேறு நல்லதாக இல்லையா என்று கேட்டேன். "கப்பல் வந்தாத்தான் மேடம்," என்றார். இரண்டு இடத்தில் வீட்டைக் கேட்டு, இறக்கத்தில் ஒரு சந்துக்குள் இறங்கினேன். தகரக் கூரை போட்ட வீட்டின் முன்னால் அவள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. வெட்டிய முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். கயிறு கையை விட்டு விழுந்தது. ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தார். "அய்யோ, வாங்க மிஸ், வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா..."

"ஜுரம் திரும்பிடுச்சாம்மா? இன்னைக்கு வரலையே."

"ஜுரமெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். காலைல இருந்து குதிச்சிட்டுத்தான் இருக்கா. ஸ்கூலுக்குப் போன்னா அடம். மிஸ் கப்பலைக் கிழிச்சிடுவாங்கன்னு அழுகை. என்ன கப்பல், எந்தக் கப்பல்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா." பிறகு குரலை இறக்கி, "நீங்க இருக்கிற நிலைமைல இவங்கப்பா லெட்டர் வேற குடுத்துட்டு வந்துட்டாரு. நான் திட்டினேன் மிஸ். மிஸ்ஸே பாவம் ஒண்ணும் புரியாம இருக்காங்க, அவங்களைப் போய்த் தொந்தரவு பண்றதான்னு கேட்டேன்," என்றார்.

ஒண்ணும் புரியாம இருக்காங்க. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துபஸ்தி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

உள்ளே போனோம். ஒரே அறை. கட்டிலில் அவள் நேராகப் படுத்திருந்தாள். போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டிருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்ததில் இமை துடித்தது. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் போர்வை ஏறி இறங்கியது.

"அடியேய், என்ன கூத்து இது. எந்திரி, மிஸ் வந்திருக்காங்க," என்றார் அம்மா.

நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பிரெட்டையும் ஆப்பிளையும் தலைமாட்டில் வைத்தேன். அவள் நெற்றியில் கையை வைத்தேன். வேர்வையில் ஜில்லென்று இருந்தது.

"ரொம்ப சுடுதே," என்றேன்.

"ஆமா மிஸ்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "பிளேட்லெட் கம்மி."

"எத்தனை நாளா?"

"பத்தொம்பது நாளா." பிறகு, "அங்க நாலு மணிக்குக் கதவு திறப்பாங்க மிஸ். எல்லாரோட ஆளுங்களும் வருவாங்க. நான் தினம் பார்த்தேன்," என்றாள். புகார் சொல்கிற குரல் இல்லை. முறை சொல்கிற குரல்தான், ஒவ்வொரு வாக்கியமாக, இந்தி கலக்காமல்.

"நான் வரல," என்றேன். அப்போது வந்தது அழுகை. என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோது வராதது, அந்தச் சின்ன அறையில், மாவுக் கையோடு நிற்கிற ஒரு பெண்ணுக்கு முன்னால், அசிங்கமாக, சத்தமாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. அவள் அம்மா என் முதுகில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை. வார்டில் நிறையப் பார்த்திருப்பாள்.

"அஞ்சு மணிக்கு எல்லாரும் போயிடணும் மிஸ்," என்றாள். "பெல் அடிப்பாங்க."

"இங்க பெல் இல்லையே," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ இருங்க," என்றாள்.